புது ஃபிளாட்டுக்கு இன்டீரியர்: சாவி வாங்கியது முதல் திரைச்சீலை மாட்டுவது வரை

சாவி கைக்கு வந்துவிட்டது. வெள்ளைச் சுவர், டைல்ஸ் தரை, காலி அறைகள். போனில் சேமித்து வைத்த படங்களுக்குக் கணக்கில்லை. எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதில்தான் பலரும் திணறுகிறோம்.

இந்த வழிகாட்டிக்குச் சென்னையில் 800 சதுர அடி கார்ப்பெட் ஏரியா உள்ள இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைசி வரை ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறோம்: பின்னால் மாற்ற முடியாததற்கு முதலில் செலவு செய்வோம், எளிதில் மாற்றக்கூடியதைக் கடைசியில் வாங்குவோம். சுவருக்குள் போகும் வயரும் அலமாரிக்குள் இருக்கும் பிளைவுட்டும் முதல் வகை. குஷனும் விளக்குக்கூடும் இரண்டாம் வகை.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

டேப், நோட்டு, பென்சில் எடுத்துக்கொண்டு வீட்டை அளப்போம். ஒவ்வொரு அறையின் நீளம், அகலம், உயரம். ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஸ்விட்ச் போர்டு எங்கே, பீம் எங்கே இறங்குகிறது. லிஃப்ட்டின் உள்ளளவையும் வாசல் அகலத்தையும் மறக்காமல் குறிப்போம். பெரிய சோஃபா வாங்கினால் அது வீட்டுக்குள் நுழைய வேண்டும் அல்லவா?

அடுத்து, குறைகளைப் பார்ப்போம். சுவர் விரிசல், ஈரக்கறை, தட்டினால் வெற்றொலி தரும் டைல்ஸ், தண்ணீர் தேங்கும் குளியலறைத் தரை எல்லாவற்றையும் படம் எடுத்து, பில்டருக்கு எழுத்தில் அனுப்புவோம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளை பில்டர் கூடுதல் கட்டணமின்றி 30 நாட்களில் சரிசெய்ய வேண்டும். நம் வேலை தொடங்கிய பிறகு சொன்னால், விரிசல் யாரால் வந்தது என்ற வாக்குவாதம் கிளம்பும். அலமாரி வைத்து மறைத்த பிறகு ஈரம் கண்ணுக்கே தெரியாது.

குடியிருப்போர் சங்கத்திடமும் ஒரு வார்த்தை கேட்போம். எந்த நேரத்தில் துளையிடலாம், கட்டடக் குப்பையை எங்கே போடுவது, முன்வைப்புத் தொகை உண்டா என்பது முன்பே தெரிந்தால் வேலை நடுவில் நிற்காது.

எவ்வளவு ஆகும்?

கடைக்குப் போகும் முன் மொத்தத் தொகையை முடிவு செய்வோம். கையில் 5 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இப்படிப் பிரிக்கலாம்:

- சமையலறை: 1,50,000
- இரண்டு படுக்கையறை அலமாரிகள்: 1,25,000
- மின் வேலை, விளக்குகள்: 40,000
- பெயிண்ட்: 60,000
- கட்டில், சோஃபா, மேசை: 60,000
- திரைச்சீலை, அலங்காரம்: 15,000
- கையிருப்பு: 50,000

கடைசி வரியைத் தொடவே கூடாது. எந்த வீட்டு வேலையிலும் எதிர்பாராத செலவு ஒன்று முளைக்கும். அதற்காக ஒதுக்கும் 10 சதவீதம் இது.

மர வேலையைப் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் சொல்வார்கள். 7 அடி உயரம், 6 அடி அகலத்தில் ஒரு அலமாரி என்றால் முகப்பு 42 சதுர அடி. சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்று விலை சொன்னால் 63,000 ரூபாய். பரண் கதவு, கண்ணாடி, உள் டிராயர் இதில் அடக்கமா, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று அப்போதே கேட்டுவிடுவோம். மூன்று பேரிடம் விலை வாங்கும்போது மூவருக்கும் ஒரே வரைபடம், ஒரே பொருள் பட்டியல் கொடுப்போம். இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது.

யாரிடம் கொடுப்பது?

மூன்று வழிகள் உண்டு. இன்டீரியர் நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுத்தால் அலைச்சல் குறைவு, விலை கூடுதல். பொருளை நாமே வாங்கிக் கொடுத்துக் கார்பென்டருக்குக் கூலி மட்டும் தரலாம். தரம் நம் கையில் இருக்கும், ஆனால் தினமும் போய்ப் பார்க்க நேரம் வேண்டும். பொருளோடு சேர்த்துக் கார்பென்டரிடமே கொடுப்பது நடுவழி.

எந்த வழியானாலும் அவர் முன்பு செய்து, சில வருடங்கள் புழங்கிய வீடு ஒன்றை நேரில் பார்ப்போம். புதிதில் எல்லாம் பளபளக்கும். மூன்று வருடம் திறந்து மூடிய கதவு தொங்காமல் நிற்கிறதா என்பதுதான் தேர்வு.

எந்த வரிசையில் வேலை நடக்கும்?

1. பில்டர் சரிசெய்ய வேண்டிய குறைகள் முடியட்டும்.
2. மின்சார, தண்ணீர் பாயிண்ட்டுகளுக்குச் சுவர் வெட்டிப் பூசுதல்.
3. கரையான் மருந்து.
4. ஃபால்ஸ் சீலிங், வேண்டுமானால் மட்டும்.
5. பட்டி, பிரைமர், முதல் கோட் பெயிண்ட்.
6. மர வேலை.
7. கடைசிக் கோட் பெயிண்ட்.
8. விளக்கு, ஃபேன், திரைச்சீலைக் கம்பி.
9. முழு வீடும் சுத்தம், பிறகு சாமான்கள்.

மர வேலைக்கு முன்பே பெயிண்ட்டை முழுதாக முடித்தால் மரத்தூளும் பசையும் சுவரைக் கெடுக்கும். எல்லாவற்றையும் பின்னால் வைத்தால் அலமாரி ஓரங்களில் பட்டி பார்க்க முடியாது. அதனால்தான் பெயிண்ட்டை இரண்டாகப் பிரிக்கிறோம்.

மின் பாயிண்ட்: எங்கே, எத்தனை?

காலி அறையில் நின்று, அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று யோசிப்போம். கட்டிலின் இரு பக்கமும் போன் சார்ஜருக்கு பிளக். டிவிக்குப் பின்னால் குறைந்தது நான்கு. சமையல் மேடை மேல் மிக்ஸி, கிரைண்டர், மின்சார அடுப்புக்குத் தனித்தனியாக. சிங்க்குக்குக் கீழே வாட்டர் ஃபில்டருக்கு ஒன்று. வாசலருகே வைஃபை ரவுட்டருக்கு ஒன்று.

விளக்கு லைனுக்குப் பொதுவாக 1.5 சதுர மி.மீ. வயர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 என்று போடுவார்கள். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் நம் சாதனங்களின் பட்டியலைக் கொடுத்து, வயர் அளவை அவரையே எழுதித் தரச் சொல்வோம். ஷாக்கிலிருந்து காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மெயின் போர்டில் இருக்கிறதா என்றும் பார்ப்போம். சுவரைப் பூசி மூடும் முன் பைப் போகும் பாதையைப் படம் எடுத்து வைத்தால், பின்னாளில் ஆணி அடிக்கும்போது கை நடுங்காது.

பிளைவுட்: எதைக் கேட்டு வாங்குவது?

ஒரு ஷீட் 8 அடிக்கு 4 அடி, அதாவது 32 சதுர அடி. அலமாரியின் உடம்புக்கும் கதவுக்கும் 18 அல்லது 19 மி.மீ., முதுகுப் பக்கத்துக்கு 6 மி.மீ. போதும்.

தரம் இப்படி: ஐஎஸ் 303-இல் வரும் எம்ஆர் ரகம் காற்றின் ஈரத்தை மட்டும் தாங்கும். படுக்கையறைக்குச் சரி. அதிலேயே பிடபிள்யூஆர் ரகம் தண்ணீர் படும் இடத்துக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்தான் சமையலறைக்கும் வாஷ்பேசின் கீழேயும் நல்லது. எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு விலை குறைவு, மேற்பரப்பும் சீராக இருக்கும். ஆனால் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது.

மேலே ஒட்டும் மைக்கா 1 மி.மீ. கனத்தில் இருக்கட்டும். கீல், டிராயர் சேனல் இரண்டிலும் சிக்கனம் வேண்டாம். தினமும் அசைவது அவைதான்.

சமையலறையை எப்படித் திட்டமிடுவது?

சமைப்பவரின் உயரத்தில் தொடங்குவோம். மேடை, முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. பலருக்கும் 32 முதல் 34 அங்குலம் பொருந்தும். மேடை அகலம் 24 அங்குலம். மேல் அலமாரி, மேடையிலிருந்து 18 முதல் 24 அங்குலம் தள்ளி.

நம் ஊரில் பல பில்டர்கள் கடப்பா கல் தட்டுகளோடு கிரானைட் மேடை போட்டே கொடுக்கிறார்கள். டிராயரும் கூடைகளும் வேண்டுமானால் நடுத் தட்டுகளை எடுக்க வேண்டியிருக்கும். பணம் குறைவாக இருந்தால், தட்டுகளை அப்படியே விட்டு முன்னால் கதவு மட்டும் போடலாம். ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

இட்லிப் பானை, குக்கர் ஆவி நேராக மேலே போய் அலமாரியின் அடியைத் தாக்கும். அடுப்புக்கு மேலே சிம்னி மட்டும் இருக்கட்டும். டேபிள் டாப் கிரைண்டர் கனமானது. அதைத் தூக்கி வைத்து எடுக்காதபடி மேடையிலேயே ஒரு நிரந்தர மூலை ஒதுக்குவோம்.

அலமாரி, பூஜை இடம்

துணி ஹேங்கரில் தொங்க அலமாரியின் ஆழம் 24 அங்குலம் வேண்டும். ஸ்லைடிங் கதவு என்றால் இன்னும் 2, 3 அங்குலம் கூடும். குளியலறைச் சுவரை ஒட்டி அலமாரி வைப்பதைத் தவிர்ப்போம். வேறு இடமே இல்லையென்றால் முதலில் சுவரின் ஈரத்தை நிறுத்தி, பிறகு சிறு இடைவெளி விட்டு வைப்போம்.

பூஜை அலமாரியில் விளக்குச் சுடர் மைக்காவுக்கு அருகே வரக் கூடாது. விளக்கு வைக்கும் தட்டில் கிரானைட் துண்டு பதித்து, மேல்பக்கம் புகை போக வழி விடுவோம்.

பெயிண்ட்: எப்போது, என்ன நிறம்?

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுவர் காயத் தாமதமாகும். முடிந்தால் அந்த மாதங்களைத் தவிர்ப்போம். புதுப் பூச்சு மீது பெயிண்ட் அடிக்க அது குறைந்தது 28 நாள் ஆறி, காய்ந்திருக்க வேண்டும்.

முறை இதுதான்: இரண்டு கோட் பட்டி, உப்புத்தாள் தேய்ப்பு, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். நிறத்தைக் கார்டில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சிறு டப்பா வாங்கி, சுவரில் 2 அடிக்கு 2 அடி அடித்து, காலை, மாலை, இரவு என மூன்று நேரமும் பார்ப்போம். வெயில் நேராக விழும் மேற்கு அறைக்கு வெளிர் நிறமே இதம். அடர் நிறம் பிடித்தால் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் கொடுக்கலாம்.

வெளிச்சமும் திரையும்

எல்லா அறைக்கும் ஒரே வெள்ளை டியூப் என்ற பழக்கத்தை விடுவோம். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 2,700 முதல் 3,000 கெல்வின் வரையிலான இளமஞ்சள் ஒளி. சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் 4,000 கெல்வின். ஃபால்ஸ் சீலிங் அறையின் உயரத்தை அரை அடி வரை குறைக்கும். போட்டாலும் ஃபேன் கொக்கி கான்கிரீட் தளத்திலிருந்தே இறங்க வேண்டும்.

திரைச்சீலைத் துணி, ஜன்னல் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு இருந்தால் மடிப்பு அழகாக விழும். கம்பியை இரு பக்கமும் 6 அங்குலம் நீட்டி, தரை தொடும்படி தொங்கவிட்டால் சிறிய ஜன்னலும் பெரிதாகத் தெரியும்.

அலங்காரத்துக்கு நம் ஊர்க் கைவேலை நிறைய இருக்கிறது. கரூர் திரைத்துணி, ஹாலுக்கு வண்ணப் பட்டைகள் ஓடும் பவானி ஜமுக்காளம், படுக்கையறைக்குப் பத்தமடைக் கோரைப்பாய், வாசலருகே நாச்சியார்கோவில் குத்துவிளக்கு. பால்கனித் தரையை மாற்றும் எண்ணம் இருந்தால் ஆத்தங்குடிக் கல்லைப் பாருங்கள். சூளையில் சுடாமல், கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் பதப்படுத்தும் கை வேலை அது. புழங்கப் புழங்கப் பளபளப்பு ஏறும்.

கவனம்!

- ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்: பிளைவுட் பிராண்ட், ரகம், கனம், மைக்கா எண், கீல் பிராண்ட், முடிக்கும் தேதி.
- ஷீட்டுகளை வெட்டும் முன் ஒவ்வொன்றிலும் முத்திரையைப் பார்த்துப் படம் எடுப்போம். வெட்டிய பிறகு அடையாளம் இருக்காது.
- பணத்தை வேலையின் கட்டம் பார்த்துக் கொடுப்போம். எல்லாக் கதவும் டிராயரும் சரியாக ஓடும் வரை 10 சதவீதம் நம்மிடம் இருக்கட்டும்.
- தூண், பீம், பாரம் தாங்கும் சுவர் எதையும் உடைக்கக் கூடாது. எந்தச் சுவராக இருந்தாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.
- வேலை முடிந்ததும் சில நாட்கள் ஜன்னல்களையும் அலமாரிக் கதவுகளையும் திறந்து வைப்போம். பசை, பெயிண்ட் நெடி அடங்கிய பிறகு குழந்தைகளோடு குடியேறலாம்.

எங்கே நிறுத்துவது?

மின்வேலை, சமையலறை, அலமாரி, பெயிண்ட், கட்டில். இவ்வளவு முடிந்தால் பால் காய்ச்சிக் குடிபோகலாம். டிவி யூனிட், பால்கனி ஊஞ்சல், சுவர்ப் படங்கள், இரண்டாவது சோஃபா எல்லாம் மூன்று மாதம் காத்திருக்கட்டும். வெயில் எந்தப் பக்கம் வருகிறது, குழந்தை எங்கே உட்கார்ந்து படிக்கிறது, செருப்பு எங்கே குவிகிறது, விருந்தாளிகள் எந்த மூலையை நாடுகிறார்கள் என்பது புழங்கினால்தான் தெரியும். அந்தத் தேவையைப் பார்த்து வாங்கும் பொருள் ஒவ்வொன்றும் நம் வீட்டுக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். தொடாமல் வைத்த கையிருப்பில் மிச்சம் இருந்தால், அதை இப்போது தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.