தேய்ந்த முழங்காலுக்கு முதல் மருத்துவர் யார்?

ஆண்டுதோறும் தைப்பூசத்தின்போது, பினாங்கு ஜார்ஜ் டவுனில் வெள்ளி இரதம் டத்தோ கிராமாட் சாலை வழியாகத் தண்ணீர்மலையை நோக்கிச் செல்கிறது. கெடாவிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் வரும் தோட்டத்து மக்கள் பலர் அவ்விழாவிற் கலந்துகொள்கின்றனர். மலைமேலுள்ள அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தை அடைய 513 படிகள் ஏற வேண்டும். இளமையில் அப்படிகளை விரைந்து ஏறியவர்களுள் சிலர், முதுமையில் அடிவாரத்திலேயே கைகூப்பி நின்றுவிடுகின்றனர். “முட்டி தேய்ந்துவிட்டது; இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்பதே அவர்கள் கூறும் காரணம். இக்கூற்றின் முற்பகுதி உண்மையாக இருக்கலாம். பிற்பகுதி உண்மையன்று.

நோயின் இயல்பு

தொடையெலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது நாளடைவில் மெலிந்து, எலும்பின் ஓரங்கள் தடித்து, மூட்டில் வலியும் விறைப்பும் தோன்றுவதையே மூட்டுத் தேய்வு என்கிறோம். முதுமை, உடற்பருமன், பழைய காயம், பரம்பரை ஆகியவை இதற்குக் காரணங்களாகும். முழங்காலை மடக்கியும் சுமை தூக்கியும் பல்லாண்டுகள் செய்யும் வேலையும் ஒரு காரணமே. அடிப்பட்டையில் பால் வெட்டக் குந்தியும், மேட்டு நிலத்தில் வாளி சுமந்து ஏறி இறங்கியும் உழைத்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

மலேசியாவில் நடத்தப்பெற்று 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றின்படி, பெரியவர்களுள் 9.3 விழுக்காட்டினர் முழங்கால் வலியால் வருந்துகின்றனர். 55 வயதைக் கடந்தவர்களிடையே இது 23 விழுக்காடாகவும், 65 வயதைக் கடந்தவர்களிடையே 39 விழுக்காடாகவும் உயர்கிறது.

ரப்பர் டயர் ஓட ஓடத் தேயும். ஓட்டாது நிறுத்திவைத்தால் அந்தத் தேய்வு இல்லை. முழங்காலும் அத்தகையதே என்று எண்ணிப் பலர் நடப்பதையே விட்டுவிடுகின்றனர். இது பெருந்தவறு. குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போதுதான் அது தன்னைச் சூழ்ந்துள்ள நீர்மத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. நடக்காமல் இருந்தால் தொடைத்தசை மெலியும். தசை மெலிந்தால் சுமை மூட்டின்மேல் விழும். அதனால் வலி மிகும். வலி மிகவே நடை மேலும் குறையும்.

நோயாளரே ஆசிரியர்

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில், கேட் லோரிக் என்னும் அம்மையார் 1970களின் இறுதியில் மூட்டு நோயாளர்களுக்கென ஒரு வகுப்பை உருவாக்கினார். வாரம் இரண்டு மணி நேரமாக ஆறு வாரங்கள் அது நடைபெற்றது. அதை நடத்தப் பயிற்சி பெற்றோர் பெரும்பாலும் மருத்துவர்கள் அல்லர், பொதுமக்களே. அவர்களுள் பலர் தாமே மூட்டு நோய் உடையவர்கள். 1993இல் வெளியான அறிக்கையின்படி, நான்கு ஆண்டுகளுக்குப் பின் வகுப்பிற் பயின்றோரின் வலி சராசரியாக 20 விழுக்காடு குறைந்திருந்தது. மருத்துவரை நாடிச் செல்வது 40 விழுக்காடு குறைந்திருந்தது. அதேவேளையில் அவர்களது உடல் இயலாமை 9 விழுக்காடு கூடியிருந்தது என்பதையும் மறைத்தலாகாது. நோய் மறையவில்லை, ஆயினும் நோயோடு வாழும் ஆற்றல் வளர்ந்தது. “என்னால் இதைச் சமாளிக்க இயலும்” என்னும் நம்பிக்கை பெற்றவர்களே மிகுந்த பயன் அடைந்தனர்.

நாம் செய்யவேண்டியவை

1. தசைப் பயிற்சி: நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை மெல்ல நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்கவும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, நாள்தோறும் செய்யவும். பழகியபின், கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2. நடை: சமதளத்தில் பத்து நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டவும். டத்தோ கிராமாட்டில் பிள்ளைகளோடு வாழ்வோர்க்குப் பாடாங் பிரவுன் திடல் உண்டு. தோட்டத்தில் வாழ்வோர்க்குப் பந்து விளையாடும் திடல் உண்டு. பயிற்சியின்போது சிறிது வலித்தால் அஞ்சவேண்டாம். இரண்டு மணி நேரத்திற்குப் பின்னும் வலி முன்னிருந்ததைவிட மிகுந்திருந்தால், மறுநாள் அளவைக் குறைக்கவும், அடியோடு நிறுத்தவேண்டாம்.

3. வேலையும் ஓய்வும்: வலி இல்லாத நாளில் எல்லா வேலைகளையும் முடித்துவிட்டு, அடுத்த இரு நாள்கள் படுத்திருத்தல் நன்றன்று. கனமான வேலையைப் பிரித்துச் செய்க. நெடுநேரம் குந்தியிராமல் தாழ்ந்த முக்காலியைப் பயன்படுத்துக.

4. உடல் எடை: ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. கெட்டிப்பால் கலந்த தேநீரை நாளுக்கு ஒரு குவளை குறைப்பதே நல்ல தொடக்கமாகும்.

5. படியும் ஊன்றுகோலும்: ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கவும்; இறங்கும்போது நோயுற்ற காலை முதலில் வைக்கவும். ஊன்றுகோலை வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும்.

மருந்தில் விழிப்பு

வலியுள்ள இடத்தில் பூசும் மருந்துகள் பலருக்குப் பயன் தருகின்றன. வலி மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி நாள்தோறும் விழுங்கினால் இரைப்பையில் புண்ணும், சிறுநீரகக் கேடும் உண்டாகலாம். இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் உடையவர்கள் மிக விழிப்பாக இருத்தல் வேண்டும்.

“ஒரே நாளில் வலி பறக்கும்” என்று விற்கப்படும் ‘ஜாமு’ உருண்டைகளிலும் தூள்களிலும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பன்முறை கண்டுபிடித்துள்ளது. இவை எலும்பை நலிவித்துச் சர்க்கரையை உயர்த்தும். ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். நெடுநாள் உண்டு பழகியவர்கள் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தாகும்; மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

மருத்துவரை நாடவேண்டிய வேளை

மூட்டு சிவந்து சூடேறி வீங்கினாலும், காய்ச்சல் கண்டாலும், விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டாலும் உடனே மருத்துவரைக் காணவேண்டும். காலை விறைப்பு அரை மணி நேரத்திற்கு மேல் நீடித்தால் அது வேறு வகை மூட்டு நோயாகவும் இருக்கலாம். அதையும் காட்டுதல் நன்று. முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிற்குச் செல்க. தேவைப்படின், அங்குள்ள மருத்துவர் பினாங்கு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். எவ்வழியாலும் வலி தணியாதவர்களுக்கு மூட்டு மாற்று அறுவையும் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் தொடைத்தசைப் பயிற்சி இன்றியமையாததே.

மருத்துவர் உங்களைச் சில நிமிடங்களே காண்கிறார். மற்ற நேரமெல்லாம் முழங்கால் உங்கள் பொறுப்பிலேயே இருக்கிறது. ஆகவே, தேய்ந்த முழங்காலுக்கு முதல் மருத்துவர் நீங்களே. தோட்டத்தில் முட்டிவலியுள்ள ஐந்தாறு பேர் மாலையில் ஆலய மண்டபத்தில் ஒன்றுகூடுங்கள். நாற்காலிப் பயிற்சியை ஒருவர்க்கொருவர் எண்ணிச் செய்யுங்கள். இதற்குச் செலவில்லை, தொடங்குவதற்கு இன்றைய மாலையே நன்று.