நிழற்பட ஒட்டுச்சித்திரம்

வெவ்வேறிடத்துப் பெற்ற நிழற்படங்களைக் கத்தரித்து, வேறோர் ஒழுங்கில் ஒட்டிப் புதுப்பொருள் பிறப்பிக்குங் கலை ஒட்டுச்சித்திரத்தின் ஒரு வகையாகும். மேனாட்டார் இதனைக் கொலாஜ் என்பர். ஒட்டுதல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. பிறர் எடுத்த படமே இங்கு ஓவியனுக்கு வண்ணமும் தூரிகையுமாம்.

காலத்தாற் பிரிந்தோரை ஒரு காட்சியில் நிறுத்துதல் நமக்குப் புதிதன்று. தம்புள்ளைக் குகைக்கோயிலின் இரண்டாங் குகையில் வலகம்பா மன்னனுக்கும் நிசங்கமல்லனுக்கும் சிலைகள் உள. முன்னவன் கி. மு. முதலாம் நூற்றாண்டினன், பின்னவன் கி. பி. 1187 முதல் 1196 வரை ஆண்டவன். ஆயிரம் ஆண்டிற்கு மேற்பட்ட இடைவெளி ஒரு பாறையின் கீழ் மறைகின்றது. அங்கே உளி செய்ததை ஒட்டுச்சித்திரத்திற் கத்தரிக்கோல் செய்கின்றது.

இராஜஸ்தானத்து நாததுவாரம் இதற்குத் தக்க சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, அவ்வூர் ஓவியர் அடியார்தம் முகங்களை நிழற்படத்தினின்றும் வெட்டித் தாம் தீட்டிய உடல்களோடு பொருத்தி, ஸ்ரீநாத்ஜியின் சந்நிதியிற் கைகூப்பி நிற்போராக அமைத்தனர். இப்படங்களுக்கு மனோரதம் என்று பெயர். உள்ளத்து விருப்பம் உருப்பெற்றமையின் அப்பெயர் சாலப் பொருந்தும்.

பெர்லின் நகரத்து ஹன்னா ஹோஹ் (1889–1978) என்னும் ஓவியரோ, சஞ்சிகைப் படங்களை எள்ளலுக்குப் பயன்படுத்தினார். 1920 இல் நடந்த டாடாக் கண்காட்சியில் அவர் வைத்த படத்திலே, படைத்தலைவர் ஹிண்டன்பர்க்கின் தலை நடனமாதொருத்தியின் உடலில் அமர்ந்திருந்தது.

கத்தரிக்கோல் ஒன்றே, ஓரிடத்திற் பக்தி, மற்றோரிடத்தில் நகை. எனினும் இரண்டிலும் வஞ்சனையில்லை. இஃது ஒட்டிய படமென்பதைக் காண்போர் அறிவர். ஒட்டின் விளிம்பை மறைத்து, நிகழாததை நிகழ்ந்ததாகக் காட்டுவதோ கலையன்று, பொய்ச்சான்றாம். விளிம்பே தெரியாமற் கணினி பொருத்தித் தரும் இந்நாளில் இவ்வேறுபாட்டை உணர்தல் இன்றியமையாதது.

மாணவர்காள்! இக்கலையைப் பயில விரும்புவீராயின், வீட்டிலுள்ள பழம்படத்தை வெட்டற்க. பிரதியெடுத்து, அப்பிரதியையே வெட்டுக. மூலப்படத்தின் பின்புறத்தில், அதிலுள்ளார் பெயரையும் ஊரையும் ஆண்டையும் மென்மையான பென்சிலால் எழுதி வைக்குக. பெயரறிந்த மூத்தோர் இருக்கும்போதே இதனைச் செய்தல் நன்று. பழைய மாணவரும் தம்மிடமுள்ள வகுப்புப் படங்களுக்கு இவ்வுதவியைச் செய்வாராக. வெட்டிய முகத்தை எவ்விடத்தும் ஒட்டலாம். அம்முகம் யார் அருகில் நின்றதென்பதை மூலப்படமே சொல்லும்.