சிலையும் நிலையமும்

மர்பி டவுன்,
பெங்களூர்.

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் நேற்றுப் பிற்பகல் கிடைத்தது. டிசம்பர் 22-ஆம் தேதி, தேசியக் கணித தினத்தன்று, ராமானுஜனின் படத்துக்கு மாலை சூட்டிப் பிரசங்கங்களும் கேட்டுக் கலைந்தபின், "ஒரு கணித மேதைக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இவ்வளவுதானா, தாத்தா?" என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியை மனத்தில் சுமந்துகொண்டே அல்சூர் ஏரிக்கரை வரை நடந்துபோய், தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் சற்றுநேரம் அமர்ந்திருந்து, வீடு திரும்பியதும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்கிறேன். மாலையையும் சிலையையும் நீ அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது. கணவர் ராமானுஜன் 1920-இல் தமது 32-ஆம் வயதில் மறைந்தபின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து ஜீவனம் நடத்திய ஜானகி அம்மாள், அவருக்கு எழுப்புவதாகச் சொன்ன சிலை எங்கே என்று தம் முதுமையில் கேட்டார். அந்தக் குறை கடல் கடந்து அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கியின் செவிக்கு எட்ட, அவர் பல கணித அறிஞர்களிடம் பொருள் திரட்டி, பால் கிரான்லண்ட் என்னும் சிற்பியைக் கொண்டு வெண்கலத்தில் மார்பளவுச் சிலைகள் வார்ப்பித்து, ஒன்றை அந்த அம்மையாரிடமே சேர்ப்பித்தார். சிலை என்பது மறைந்தவருக்கும் அவரை நேசித்தவருக்கும் நாம் செலுத்தும் கடன். இனி வரப்போகிறவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடன் வேறு.

அது எத்தகைய கடன் என்று அறிய, ராமானுஜனுக்கு வாய்க்காதது எது என்று எண்ணிப் பார். கல்லூரிப் பரீட்சையில் தேறாமல் படிப்பை இழந்து, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக அமர்ந்த அந்த இளைஞருக்கு, சிந்திப்பதற்கு ஓர் இடமும், படிப்பதற்கு நல்ல நூல்களும், தாம் கண்டதைச் சொன்னால் புரிந்துகொள்ள ஒரு துணையும் நெடுநாள் கிடைக்கவில்லை. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தபோதுதான் வயிற்றுக் கவலையின்றிக் கணிதம் செய்யும் சுதந்திரம் அவருக்கு வாய்த்தது. அவருக்குத் தாமதமாகக் கிடைத்ததை அடுத்தவருக்குக் காலத்தில் கிடைக்கச் செய்வதே அவருக்கு ஏற்ற ஞாபகார்த்தம் என்பது என் துணிபு.

காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியார் 1950-இல் சென்னையில் ராமானுஜன் பெயரால் ஒரு கணித ஆராய்ச்சி நிலையத்தை ஸ்தாபித்தது அத்தகைய பணியே. அதன் முதல் தலைவராக அமர்ந்த டி. விஜயராகவன், ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்றவர்; ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்ட அதே ஹார்டி. ஆனால் 1955-இல் விஜயராகவனும், 1957-இல் அழகப்பரும் மறைய, பொருளின்றி நிலையம் தள்ளாடியது. அப்போது வானியல் அறிஞர் சந்திரசேகர் பிரதமர் நேருவிடம் அதன் நிலையை எடுத்துரைத்தார்; 1957-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. கல்லில் எழுப்பிய நினைவு தானே நிற்கும். கற்பதற்கென்று எழுப்பிய நினைவையோ ஒவ்வொரு தலைமுறையும் தாங்கிப் பிடித்தாக வேண்டும்.

அந்த விஜயராகவனின் நினைவைப் போற்றும் வழி ஒன்றைச் சொல்கிறேன், காகிதமும் கணிப்பானும் எடுத்துக்கொள். 5-இன் வர்க்கமூலத்தோடு 1-ஐக் கூட்டி 2-ஆல் வகுத்தால் 1.618… வரும். அதன் 10-ஆம் அடுக்கு ஏறக்குறைய 122.992, 20-ஆம் அடுக்கு 15126.99993. அடுக்கு ஏற ஏற முழு எண்ணை அது நெருங்குவதைக் கண்டாயா? காரணம், அதற்கு −0.618… என்னும் ஜோடி எண் ஒன்று உண்டு. இரண்டின் அடுக்குகளையும் கூட்டினால் எப்போதும் முழு எண்ணே வரும். ஜோடியின் அடுக்கோ நாளடைவில் தேய்ந்து ஒன்றுமில்லாததாகிறது. இத்தகைய எண்களுக்குப் பிரெஞ்சு அறிஞர் பிசோவின் பெயரோடு விஜயராகவனின் பெயரையும் சேர்த்து உலகம் வழங்குகிறது.

அவருக்குப்பின் நிலையத்தின் தலைமையேற்ற சி. டி. ராஜகோபால், கேரளத்துப் பழங்கணித மேதை மாதவர் மரபின் முடிவிலாத் தொடர்களை ஆராய்ந்து எழுதினார். ஒரு மேதையின் பெயரால் எழுந்த நிலையம், மறக்கப்பட்டிருந்த மற்றவர்களுக்கும் விளக்கேற்றியது, பார்த்தாயா! இன்று எங்கள் பெங்களூரின் வடபுறத்தில், ஹெசரகட்டாப் பக்கத்தில் உள்ள சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையத்தில், சொற்பொழிவு மண்டபம் ஒன்றுக்கு ராமானுஜன் பெயரும் மற்றொன்றுக்கு மாதவர் பெயரும் இட்டிருக்கிறார்கள். இதே பெங்களூரில் 2021 மே 15-ஆம் தேதி மறைந்த கணித அறிஞர் எம். எஸ். நரசிம்மனை எடுத்துக்கொள். அந்நாளைய வட ஆற்காடு ஜில்லாவின் தண்டரை என்னும் சிற்றூரில் 1932-இல் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் பாதிரியார் ரஸீனிடம் ஊக்கம் பெற்று, 1953-இல் நண்பர் சேஷாத்ரியோடு பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, 1965-இல் இருவர் பெயரும் தாங்கிய தேற்றத்தை வெளியிட்டு, ரகுநாதனையும் படோடியையும் போன்ற மாணாக்கர்களை உருவாக்கியவர் அவர். கிராமத்துப் பிள்ளை ஒருவருக்கு ஆசிரியரும் நிலையமும் காலத்தில் வாய்த்தால் என்ன விளையும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே, குழந்தாய், அடுத்த வாரம் சேப்பாக்கத்துக்குப் போய், ராமானுஜன் பெயர் தாங்கிய அந்த நிலையத்தைப் பார்த்துவிட்டு வா. கோடை விடுமுறையில் இங்கே வந்தால், ஹெசரகட்டாவுக்கு நானே அழைத்துப் போகிறேன். அதற்குமுன் ஒரு வேலை: 2-இன் வர்க்கமூலத்தோடு 1-ஐக் கூட்டி, அந்த எண்ணின் அடுக்குகளும் முழு எண்களை நெருங்குவது ஏன் என்று நீயே நிரூபித்து எனக்கு எழுது. தவறு நேர்ந்தால் அடித்துவிட்டு மறுபடி முயன்று பார். அடித்தல் திருத்தலோடேயே அனுப்பு. நீ கேட்ட மரியாதை அந்தத் தாளில் இருக்கும்.

இப்படிக்கு,
அன்புள்ள தாத்தா.