கொடுப்பதற்காக வளர்ப்போம்



செப்டெம்பர் 28ஆம் நாளை உலகம் விசர்நாய்க்கடித் தடுப்பு நாளாக நினைவுகூருகிறது. அந்நோய்க்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டர் 1895ஆம் ஆண்டு இறந்த நாள் அது. ஆறு நாட்கள் கழித்து, ஒக்டோபர் 4ஆம் நாள், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் திருநாள் வருகிறது. நாயைக் கண்டு அஞ்சவும் வேண்டும், அதன்மேல் இரங்கவும் வேண்டும் என்பதை அடுத்தடுத்து வரும் இவ்விரு நாட்களும் நமக்கு நினைவூட்டுகின்றன. ஆகவே கைவிடப்பட்ட நாய்க்கு நிலையான ஒரு வீடு கிடைக்கும்வரை அதை நம் வீட்டில் வைத்துப் பராமரிக்கும் இடைக்கால வளர்ப்பு என்ற பணியைப் பற்றி இக்கிழமை படிப்போம்.

1. நம் தெருக்களில் நடப்பது என்ன?

வீட்டுப் பெட்டை நாய் ஐந்தாறு குட்டிகளை ஈனுகிறது. கடுவன் குட்டிகளை அயலவர் கேட்டு வாங்கிப் போகிறார்கள். பெட்டைக் குட்டிகளைக் கேட்பார் இல்லை. ஒரு நாள் இருட்டியபின் அவை சாக்கிலோ அட்டைப் பெட்டியிலோ போடப்பட்டு, சந்தை ஓரத்திலும் கடற்கரையிலும் கோயில் வளவிலும் விடப்படுகின்றன. வாவிக்கு அக்கரையில் விட்டால் திரும்பி வர வழி தெரியாது என்று பாலம் கடந்து கொண்டுபோய் விடுகிறவர்களும் உண்டு. “கோயிலடியில் விட்டால் யாராவது சோறு போடுவார்கள்” என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். அந்த ‘யாராவது’ யார் என்று எவரும் கேட்பதில்லை.

பிழைத்த குட்டி ஓராண்டுக்குள் தானும் குட்டி ஈனுகிறது. சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது கிழமை. ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடும். கட்டாக்காலி நாய்கள் பெருகுவதற்கு நாய்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவற்றுட் பல நம் வீட்டு வாசலில் இருந்து போனவை. மற்றவை அவற்றின் வழிவந்தவை.

இதனால் மனிதருக்கு வரும் ஆபத்தும் சிறியதல்ல. 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வழக்கம் பரவியதாலும், கடிபட்டவர்களுக்கு உரிய சிகிச்சை கிடைத்ததாலும், அண்மைய ஆண்டுகளில் இத்தொகை ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. 2006ஆம் ஆண்டு முதல் தெருநாய்களைக் கொல்லும் முறையை அரசு நிறுத்தியது. அதன்பின் தடுப்பூசியும் கருத்தடையுமே வழி என்றாயிற்று. சென்னை மாநகராட்சியும் 1996ஆம் ஆண்டில் கொல்வதை விட்டுக் கருத்தடை முறைக்கு மாறியது. அங்கே கப்டன் சுந்தரம் அமைத்த ‘புளூ குறோஸ்’ சங்கம் அதற்காக நெடுங்காலம் வாதாடியது.

நம் நாட்டிலும் நற்பணிகள் நடந்திருக்கின்றன. 2007ஆம் ஆண்டு ஒட்டாரா குணவர்த்தன தொடங்கிய ‘எம்பார்க்’ அமைப்பு தெருநாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்க முன்வந்தது. வடக்கே இயக்கச்சியில் நம் சைவச் சகோதரர்களின் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்றே ஒரு சரணாலயம் அமைத்தது. ஆனால் எத்தனை பெரிய சரணாலயம் கட்டினாலும் அது நிறைந்துவிடும். ஒரு சரணாலயம் நூறு நாய்களுக்கு இடம் கொடுக்கலாம்; நூறு நாய்களையும் மடியில் வைத்துப் பழக்க அங்கே ஆள் இல்லை. மனிதர் கையைக் கண்டு மிரளாத நாயாக ஒரு குட்டியை ஆக்குவது வீடும் வீட்டிலுள்ள பிள்ளைகளுமே.

2. மறைநூல் காட்டும் வழி

விவிலியத்தில் நாய்க்குப் பெருமை குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பல இடங்களில் அது இழிவுக்கு உவமையாகவே வருகிறது. ஆயினும் தோபித்து நூலைத் திறந்து பாருங்கள். தோபித்து தன் ஊரில் வாழ்ந்தவர் அல்லர். நினிவே நகருக்குச் சிறைப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டவர். அந்த ஏதிலிக் குடும்பத்திலும் ஒரு நாய் இருந்தது. மகன் தோபியா தூரப் பயணம் புறப்பட்டபோது, வானதூதர் இரபேல் ஒருபுறம் நடக்க, நாயும் உடன் போனது. திரும்பி வந்தபோதும் அவர்கள் பின்னால் வந்தது. பெயரும் சொல்லப்படாத அந்த நாயை இருமுறை குறிப்பிடாமல் விட மறைநூலாசிரியருக்கு மனம் வரவில்லை.

நமது பாடத்துக்கு இன்னும் நெருங்கியது இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம். நம் பெரியவர்கள் அதை உபாகமம் என்பார்கள். வழிதவறித் திரியும் பிறருடைய மாட்டையோ ஆட்டையோ கண்டவன் கண்டும் காணாதவனாகப் போகலாகாது என்று அங்கே விதிக்கப்படுகிறது. உரியவன் தொலைவில் இருந்தாலும், யாரென்றே தெரியாவிட்டாலும், அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவன் தேடி வரும்வரை வைத்திருந்து, பின் திருப்பிக் கொடுக்க வேண்டும். சட்டம் பேசுவது பிறர் உடைமையைப் பற்றியே, நாயைப் பற்றியல்ல. ஆயினும் இடைக்கால வளர்ப்பின் மூன்று படிகளும் அதிலே இருக்கின்றன: காணாதவன்போல் போகாதே, வீட்டுக்குக் கொண்டுவா, உரியவர் கையில் ஒப்படை.

நம் மண்ணில் வாழ்கிறவர்களுக்கு இதை நீண்ட விளக்கம் கொடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டுச் சூறாவளி, 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வு, 2004 டிசெம்பர் 26இல் வந்த கடற்கோள், 2007இல் வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து மக்கள் வெளியேறிய நாட்கள் — இவற்றில் ஏதாவது ஒன்றில் நம்மில் பலர் இன்னொருவர் வீட்டு விறாந்தையில் படுத்திருக்கிறோம். அந்த வீடு நமக்கு நிரந்தரமாகவில்லை. ஆனால் அங்கே கிடைத்த ஒரு நேரச் சோற்றை இன்றைக்கும் மறக்கவில்லை. மனிதரை நாயோடு ஒப்பிடுவதாக எண்ணிவிடாதீர்கள். சிலகாலத்துக்கென்று கொடுக்கும் இடம் அரைகுறை அன்பல்ல என்பதை நாம் அனுபவித்து அறிந்திருக்கிறோம் என்றே சொல்லுகிறேன்.

3. “மனிதருக்கே வழியில்லை, சுவாமி”

இது நியாயமான கேள்வி. திருச்சபையும் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2416ஆம் எண்ணில், விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவற்றுக்கு மனிதர் இரக்கம் காட்டக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. 2418ஆம் எண்ணில், அவற்றைக் காரணமின்றித் துன்புறுத்துவதும் சாகவிடுவதும் மனித மாண்புக்கு மாறானது என்று கற்பிக்கிறது. அதே இடத்தில், மனிதரின் வறுமையைத் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. விலங்குகளை நேசிக்கலாம், ஆனால் மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றுக்குக் கொடுக்கலாகாது என்றும் எச்சரிக்கிறது.

ஆகவே வின்சென்ற் டி போல் சபையின் உண்டியலில் கைவைத்து நாய் வளர்க்கும்படி நான் சொல்லவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை பசித்திருக்க நாய்க்கு இறைச்சி வாங்குவது பாவம். ஆனால் வேறொன்றையும் எண்ணிப் பாருங்கள். சாக்குக்குள் கத்தும் குட்டியைக் கேட்டும் நடந்துபோகப் பழகிய காது, மனிதர் அழும்போது மட்டும் திறந்துகொள்ளுமா? பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில், பிற உயிர்கள்மேல் காட்டும் கொடுமை நாளடைவில் மனிதரை நடத்தும் முறையையும் பாதிக்கும் என்று எடுத்துக்காட்டினார். மிஞ்சிய சோறும் மீனும் ஒரு குட்டிக்குப் போதும். ஏழையின் பங்கை எடுக்காமலே இதைச் செய்யலாம்.

4. எப்படிச் செய்வது?

*முதலில், தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.* தாய் இருக்குமானால் குட்டிக்கு எட்டுக் கிழமை ஆகும்வரை அதனோடு விடுங்கள்; தாய்க்கு உணவு வையுங்கள். தாயற்றதையும் கைவிடப்பட்டதையும் எடுங்கள்.

*தனி இடம் கொடுங்கள்.* வீட்டில் வேறு நாய் இருந்தால் முதல் இரண்டு கிழமை இரண்டையும் சேர்க்காதீர்கள். பார்வோ என்னும் வயிற்றுநோய் குட்டிகளை இரண்டொரு நாளில் கொன்றுவிடும். அதன் கிருமி மண்ணில் பல மாதங்கள் தங்கக்கூடியது. வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டால் தாமதியாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

*அளவோடு உணவு கொடுங்கள்.* குழைந்த சோற்றில் முள் நீக்கிய மீனைப் பிசைந்து, நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாக வையுங்கள். பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டம் உண்டாக்கும். சமைத்த கோழியெலும்பு, வெங்காயம், சொக்கிளேற் ஆகியன வேண்டாம்.

*மருந்தும் ஊசியும் தவறவிடாதீர்கள்.* பூச்சி மருந்து கொடுப்பதும், உண்ணி தெள்ளு நீக்குவதும் முதல் வேலை. விசர்நாய்த் தடுப்பூசி எப்போது, எங்கே போடப்படுகிறது என்று உங்கள் பொதுச்சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். ஊசி போட்ட அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து நாயோடு சேர்த்துக் கொடுங்கள். பிள்ளையைக் குட்டி கடித்தாலோ கீறினாலோ, அந்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மஞ்சள் பூசி மந்திரித்து விட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நோய் வெளிப்பட்டபின் அதற்கு மருந்தில்லை.

*கருத்தடை செய்வியுங்கள்.* ஆறு மாத அளவில் மிருக வைத்தியரிடம் ஆலோசனை கேளுங்கள். பெட்டைக் குட்டிக்கு வீடு கிடைக்காமைக்குக் காரணம் குட்டி போடும் என்ற பயமே. அந்தப் பயம் நீங்கினால் அதற்கும் வாசல் திறக்கும்.

*வீட்டைப் பார்த்துக் கொடுங்கள்.* இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. கேட்ட முதல் ஆளிடம் தள்ளிவிட்டுக் கைகழுவினால், நாம் செய்ததும் சாக்கில் கட்டி விட்டதற்கு ஒப்பாகும். நேரில் போய்ப் பாருங்கள். வேலி இருக்கிறதா? வேளாண்மை நாளில் எல்லோரும் வயலுக்குப் போனால் யார் சோறு வைப்பார்? நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்குமா? வீட்டில் எல்லோரும் சம்மதமா? கேட்கக் கூச்சப்படாதீர்கள். கொடுக்கும்போது, “வைத்திருக்க முடியாவிட்டால் தெருவில் விடாதீர்கள், எங்களிடமே திருப்பித் தாருங்கள்” என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள்.

ஒரு வீடு தனியாக இதைச் செய்வது கடினம். அன்பியக் கூட்டத்தில் பேசிக்கொண்டால் ஒருவர் இடம் கொடுக்கலாம், ஒருவர் ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் ஏற்றிப் போகலாம், ஒருவர் பூசை முடிந்தபின் நாலுபேரிடம் விசாரித்து வீடு தேடலாம்.

5. கொடுக்கும் நாள்

பலர் பின்வாங்குவது செலவுக்காக அல்ல. “எடுத்து வளர்த்துவிட்டு எப்படிக் கொடுப்பது? பிள்ளைகள் அழுவார்களே” என்பதுதான் அவர்கள் தடை.

அழத்தான் செய்வார்கள். அதை மறைக்க, பிள்ளை பாடசாலைக்குப் போன நேரம் பார்த்துக் குட்டியை அனுப்பிவிடாதீர்கள். அப்படிச் செய்தால், அன்பு செய்ததெல்லாம் சொல்லாமல் காணாமற்போகும் என்றே பிள்ளை கற்றுக்கொள்ளும். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: “இது நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது, நம்முடையது அல்ல. நல்ல வீடு கிடைக்கும்வரை பார்த்துக்கொள்வோம்.” புது வீட்டாரைத் தெரிந்துகொள்ளும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதன் கையாலேயே குட்டியைக் கொடுக்கச் செய்யுங்கள்.

வைத்துக்கொள்கிற வீடு ஒரு நாயைக் காப்பாற்றுகிறது. கொடுக்கிற வீட்டில் அடுத்ததற்கு இடம் உண்டாகிறது. அதைவிடப் பெரியதொரு பயனும் உண்டு. நம் பிள்ளைகளும், நம் வயலும், நம் உயிரும்கூட நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவையே என்று நாம் விசுவசிக்கிறோம். ஒரு நாள் ஒவ்வொன்றையும் கையைவிட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் பாடத்துக்கு இது அரிவரி வகுப்பு. ஒரு குட்டியை முழுமனதோடு வளர்த்து முழுமனதோடு கொடுக்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு இதைவிடப் பெரியது கேட்கப்படும்போது கையை இறுக மூடிக்கொள்ளாது.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டு நாய் ஈன்ற குட்டிகள் இன்று எங்கே இருக்கின்றன? எல்லாவற்றுக்கும் நம்மால் பதில் சொல்ல முடியுமா?

2. நம் குடும்பம் இடம்பெயர்ந்திருந்த நாட்களில் நமக்கு இடம் கொடுத்தவர்கள் யார்? பெரியவர்கள் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

3. நம் வீட்டு நாய்க்கு இவ்வாண்டு தடுப்பூசி போட்டாயிற்றா?

4. அசிசியார் திருநாளுக்கு முன் நம் அன்பியத்தில் ஒரு குட்டியையாவது ஏற்றுக்கொள்ள முன்வரும் வீடு எது?