பள்ளிக்குப் போகும் பேராசிரியர்களுக்கு

கல்லூரியில் இயற்பியலோ கணக்கோ நடத்துகிறீர்கள். பக்கத்து நடுநிலைப் பள்ளிக்கு ஏதாவது செய்யலாமே என்று தோன்றுகிறதா? நல்லது. பேனர் அடிப்பதையும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தோடு படம் எடுத்துக்கொள்வதையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

போகுமுன் ஹோஷங்காபாத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் கிஷோர் பாரதி என்ற தன்னார்வ அமைப்பும் அதுபோன்ற இன்னோர் அமைப்பும் 16 பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை செய்துபார்த்துக் கற்கும் அறிவியலைத் தொடங்கின. டெல்லி பல்கலைக்கழக ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழு அதற்கு வழிவிட்டது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளும் கைகொடுத்தார்கள். 1978இல் திட்டம் மாவட்டம் முழுவதும் பரவியது.

வந்த பேராசிரியர்கள் மேடையேறிச் சொற்பொழிவாற்றவில்லை. பயிற்சி முகாமில் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து சோதனைகளைச் செய்தார்கள். மாதாந்தரக் கூட்டங்களில் ‘இந்தச் சோதனை வகுப்பில் வரவில்லை’ என்று ஆசிரியர்கள் சொன்னால், பாடநூலில் அந்தப் பகுதி திருத்தப்பட்டது. தேர்வையும் விடவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறையும் உண்டு. தேர்வு பழைய மாதிரியே இருந்தால் எந்தப் புதுமுறையும் மார்ச் மாதத்தில் செத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நீங்களும் முதலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சில வகுப்புகளைப் பாருங்கள். எந்தப் பாடம் இடிக்கிறது என்று ஆசிரியரிடமே கேளுங்கள். பின்னமாக இருக்கலாம், மின்சுற்றாக இருக்கலாம். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பை நீங்களே எடுக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள், ஆனால் மறுநாள் அந்த ஆசிரியர்தான் அவர்கள் முன் நிற்க வேண்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதுதான் உங்கள் வகுப்பறை. பொருள்கள் கடைத்தெருவில் கிடைப்பவையாக இருக்கட்டும். ஹோஷங்காபாத்தில் சில மாதங்கள் தங்கிய பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் கொண்டே வடிவியலைக் கட்டிக் காட்டினார்.

வட்டாரக் கல்வி அலுவலரிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவிய ஹோஷங்காபாத் திட்டத்தையே 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. வாய்மொழி அனுமதி எந்த மூலைக்கு? போய்வந்த தேதி, செய்த வேலை எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். கல்லூரிகளைத் தரம்பார்க்கும் நாக் (NAAC) மதிப்பீட்டில் விரிவாக்கப் பணிக்கும் இடமுண்டு. கல்லூரி முதல்வரிடம் நேரம் கேட்க அந்தக் குறிப்பேடு உதவும்.

தலைமை ஆசிரியரை ஜூன், ஜூலையிலேயே பார்த்துவிடுங்கள். காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் உங்களோடு பேச அவருக்கு நேரம் இருக்காது.