கண்ணில் படாத ஃபீல்டெல்லாம் தேவையற்றதா?

காரைக்குடியிலிருந்து கண்டாங்கிச் சேலை அனுப்பும் ஒரு மொத்தக் கடை, டேலிக் கணக்கைப் பவர் பிஐ என்னும் ரிப்போர்ட் மென்பொருளில் ஏற்றிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். நாளாக ஆக ஃபைல் பெருத்து, ரெஃப்ரெஷ் இழுக்கிறது. யாரும் தொடாத ஃபீல்டுகளை எடுத்துவிடலாம் என்றதும் பழைய நம்பிக்கைகள் குறுக்கே வருகின்றன.

நம்பிக்கை: எல்லாவற்றையும் ஏற்றிவைப்பதே பத்திரம்.

உண்மை: பவர் பிஐ மாடலில் இருப்பது நகல்தான், மூலக் கணக்கு டேலியில் அப்படியே இருக்கிறது. ஆண்டுக் கணக்கு தாக்கல் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்கச் சொல்லும் ஜிஎஸ்டி சட்டம் மூலக் கணக்கைத்தான் கேட்கிறது. பர்மாவில் கடை நடத்திய நகரத்தார் கடையிலேயே குறிப்பும் பேரேடும் எழுதினார்கள். ஊரிலிருந்த முதலாளிக்கு நிலவரம் சொன்னது ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கு. ரிப்போர்ட்டும் ஐந்தொகை மாதிரிதான்.

நம்பிக்கை: எந்த ஃபீல்டை எடுத்தாலும் ஒரே அளவு இடம் மிச்சமாகும்.

உண்மை: இங்கேதான் பலரும் வீணாக உழைக்கிறார்கள். இறக்குமதி செய்த தரவைப் பவர் பிஐ வரிசை வரிசையாகச் சேமிப்பதில்லை. ஒவ்வொரு ஃபீல்டையும் தனியாகச் சுருக்கி வைக்கிறது. ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் நன்றாகச் சுருங்கும். மாநிலக் குறியீடு லட்சம் வரிசையிலும் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குரிய 33 என்றே இருந்தால் அது பிடிக்கும் இடம் மிகக் குறைவு. ஒவ்வொரு வவுச்சருக்கும் டேலி வைத்திருக்கும் நீண்ட அடையாளக் குறி, கையால் அடித்த நரேஷன், விநாடிவரை பதிந்த நேரம் ஆகியவற்றில் மதிப்பு மாறிக்கொண்டே இருப்பதால் அவைதான் இடத்தை விழுங்குகின்றன. டாக்ஸ் ஸ்டுடியோ என்னும் கருவியின் வெர்டிபாக் அனலைசரைத் திறந்தால் எந்த ஃபீல்டு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். மேலே நிற்கும் நாலைந்தை எடுத்தாலே வித்தியாசம் தெரியும். சின்னஞ்சிறு ஃபீல்டுகளுடன் மல்லுக்கட்ட வேண்டாம்.

நம்பிக்கை: ஹைடு செய்தால் போதும்.

உண்மை: போதாது. மறைத்த ஃபீல்டும் நினைவகத்தைப் பிடிக்கும், ரெஃப்ரெஷிலும் வரும். மறைப்பது பாதுகாப்பும் ஆகாது. வாடிக்கையாளர் செல்பேசி எண் எந்த ரிப்போர்ட்டுக்கும் வேண்டாம் என்றால் அது மாடலுக்குள்ளேயே வரக்கூடாது.

நம்பிக்கை: ரிப்போர்ட் பக்கத்தில் இல்லாததைத் தயங்காமல் நீக்கலாம்.

உண்மை: மிக ஆபத்தான நம்பிக்கை இதுதான். மாத எண் எந்தப் படத்திலும் தெரியாது. ஆனால் மாதப் பெயர்களை வரிசைப்படுத்துவது அதுதான். அது போனால் ஏப்ரலை அடுத்து மே வராது, ஆங்கில அகரவரிசைப்படி ஆகஸ்ட் வந்து நிற்கும். மெஷர், ரிலேஷன்ஷிப், யார் எதைப் பார்க்கலாம் என்னும் ரோல் விதி எதிலும் ஒரு ஃபீல்டு ஒளிந்திருக்கலாம். மெஷர் கில்லர் போன்ற கருவி இவற்றைத் தேடித் தரும். ஆனால் ஒரு ஃபைலை மட்டும் சோதித்தால், அதே மாடலில் இணைந்த வேறு ரிப்போர்ட்டோ ஆடிட்டரின் எக்செல் பிவட்டோ கணக்கில் வராது. மார்ச் முடிப்புக்கும், டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-9-க்கும் மட்டுமே அதைத் திறப்பவர் இருக்கலாம். அவரைக் கேட்டு, ஃபைலின் நகல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, பவர் குவெரியில் வேண்டிய ஃபீல்டுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். வேண்டாதது உள்ளே வராமலே நின்றுவிடும். பின்னால் தேவைப்பட்டால் அதே இடத்தில் மறுபடி டிக் செய்து ரெஃப்ரெஷ் கொடுக்கலாம்.