மிகைப்புகழ் குறித்து ஓர் இளம் வாசகருக்கு



ஒரு திரைப்படம் தன் தகுதிக்கு மீறிப் புகழப்படுகிறது என்று சொல்பவர், உண்மையில் இரண்டைப் பற்றித் தீர்ப்புக் கூறுகிறார்: ஒன்று அந்தப் படம், மற்றொன்று அதைச் சூழ்ந்து எழுந்த பேச்சு. படம் பிடிக்கவில்லை என்பதற்கு எவரும் காரணம் காட்ட வேண்டியதில்லை. அது அவரவர் சுவை. மிகைப்புகழ் என்பதோ ஒரு குற்றச்சாட்டு. அதைச் சுமத்துபவர், புகழ்ந்தவர்கள் எதைப் புகழ்ந்தார்கள் என்பதையும், அந்த இடத்தில் படம் என்ன செய்கிறது என்பதையும் அருகருகே வைத்துக் காட்டக் கடமைப்பட்டவர். திரைப்படங்களைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கும் இளைஞர்கள் பெரும்பாலும் ஊர் கொண்டாடுவதைத் தாமும் கொண்டாடுகிறார்கள், அல்லது ஊர் கொண்டாடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டிலும் படத்தைப் பார்ப்பது ஊர்தான். எல்லாரும் மதிக்கும் சில தமிழ்ப் படங்களைப் பற்றி ஒளிவுமறைவில்லாத தீர்ப்புகளை இக்கடிதம் முன்வைக்கிறது. புகழ் அளவில் மிகுவதைக் காட்டிலும், பொருந்தாத இடத்தில் போய்ச் சேர்வதே அதிகம் என்பதுதான் அத்தீர்ப்புகளுக்கு அடிப்படை.

புகழ் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு லண்டனிலிருந்து வெளிவரும் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் வாக்கெடுப்பு நல்ல சான்று. பத்தாண்டுக்கு ஒருமுறை பல நாட்டு விமர்சகர்களிடம் தலைசிறந்த படங்கள் எவை என்று அவ்விதழ் கேட்கிறது. 1952இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் இத்தாலியப் படமான 'பைசைக்கிள் தீவ்ஸ்' முதலிடம் பெற்றது. 1941இலேயே வெளிவந்துவிட்ட ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' அந்த முறை முதல் பத்து இடங்களுக்குள்கூட வரவில்லை. ஆனால் 1962 முதல் 2002 வரை நடந்த ஐந்து வாக்கெடுப்புகளிலும் அதே படம் முதலிடத்தில் நின்றது. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' அதைக் கீழிறக்க, 2022இல் ஷாந்தால் அக்கர்மனின் 'ழான் டீல்மன்' அதையும் முந்தியது. படங்கள் அப்படியே இருக்க, வாக்களித்தவர்களும் அவர்கள் திரைக்கலையிடம் எதிர்பார்த்தவையும் மாறியிருக்கின்றன. ஆகவே எந்தப் பட்டியலையும் படங்களின் தரவரிசையாகப் படிப்பதைவிடப் பார்வையாளர்களின் வரலாறாகப் படிப்பதே பயன்தரும்.

இனித் தமிழ்ப் படங்களுக்கு வரலாம். 1987ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த மணிரத்னத்தின் 'நாயகன்', நடிப்புக்காகக் கமல்ஹாசனுக்கும், ஒளிப்பதிவுக்காகப் பி.சி.ஸ்ரீராமுக்கும், கலை இயக்கத்துக்காகத் தோட்டா தரணிக்கும் தேசிய விருதுகளைப் பெற்றுத் தந்ததோடு, 2005இல் அமெரிக்காவின் 'டைம்' இதழ் தேர்ந்தெடுத்த நூறு படங்களின் வரிசையிலும் இடம்பெற்றது. இந்தப் புகழில் கைத்திறன் சார்ந்த பகுதி முழுவதும் நியாயமானது. மும்பையின் தாராவியைச் சென்னையில் அரங்கமாக எழுப்பி, கூரை இடுக்கிலும் சன்னலிலும் புகுந்து வரும் அளவுக்கு மட்டுமே வெளிச்சத்தை அனுமதித்து, முகத்தில் பாதியை இருட்டுக்கே விட்டுவிடும் துணிவு அந்தப் படத்தில் இருக்கிறது. எல்லா மூலைகளையும் சமமாக வெளுத்துக் காட்டும் விளக்கமைப்பு வழக்கமாயிருந்த காலத்தில் அது எளிய முடிவன்று. விலைமகளிர் விடுதியில் கமல்ஹாசன் நடித்த வேலுவிடம் அனுப்பப்படும் சிறுபெண், மறுநாள் பரீட்சை இருப்பதால் சீக்கிரம் விட்டுவிடும்படி அவரிடம் கேட்கும் காட்சியைப் பாருங்கள். அவள் அழுவதில்லை, தன் கதையை விரித்துச் சொல்வதுமில்லை, படிக்க வேண்டும் என்பதை ஒரு நாள் வேலைச் சுமையைச் சொல்வதுபோல் சொல்கிறாள். அந்த ஒரு வேண்டுகோளில் அவளுடைய வயது, அவள் கடத்தப்பட்டு வந்த தூரம், இழக்க மறுக்கும் ஒரு வாழ்க்கை ஆகிய எல்லாமே தெரிந்துவிடுகின்றன. தமிழில் இதைவிடச் சிக்கனமாக எழுதப்பட்ட அறிமுகக் காட்சிகள் மிகச் சிலவே.

ஆனால் இப்படத்தைக் கொண்டாடுபவர்கள் பெரும்பாலும் சுட்டுவது இதையன்று. நாயகன் நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்க, தெரியவில்லை என்று அவர் விடை சொல்லும் இறுதிப் பகுதியையே சுட்டி, அறச்சிக்கலை இவ்வளவு ஆழமாகக் கையாண்ட படம் வேறில்லை என்கிறார்கள். இங்கேதான் மிகைப்புகழ் இருக்கிறது. அறச்சிக்கல் என்பது, ஒரு செயலுக்கு ஆதரவாகவும் எதிராகவும் உள்ள நியாயங்கள் ஏறக்குறைய ஒரே எடையில் நிற்க, பார்ப்பவர் எந்தப் பக்கமும் எளிதில் சாய முடியாத நிலை. 'நாயகன்' அந்த நிலையைப் பெரும்பாலும் உருவாக்குவதில்லை. வேலுவின் ஒவ்வொரு வன்முறைக்கும் முன்னால் அதைவிடக் கொடிய ஒரு வன்முறையை வைத்து, பார்ப்பவரின் சினத்தை முதலில் மூட்டிவிட்டுத்தான் அவர் கையை ஓங்க விடுகிறது. அவரை எதிர்த்துக் கேட்கும் ஒரே வலுவான குரல் மகள் சாருமதியுடையது. அந்தக் குரலுக்கு மறுமொழியாக வேலு தன் வாழ்க்கைத் துயரங்களை அடுக்கி முடிக்கும்போது, இசையும் கேமராவும் அவர் பக்கம் போய்விடுகின்றன. தீர்ப்பை முன்பே எழுதிவிட்ட படம் கடைசியில் கேள்வியைப் பேரனின் வாயில் வைக்கிறது.

அறச்சிக்கல் என்ற சொல்லுக்கு உண்மையிலேயே தகுதியான இழை ஒன்று படத்தில் உண்டு. அதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. வேலு கொன்ற காவல் ஆய்வாளர் கேல்கருக்கு மனவளர்ச்சி குன்றிய மகன் ஒருவன் இருப்பது கொலைக்குப் பிறகே வேலுவுக்குத் தெரியவருகிறது. அந்தக் குடும்பத்துக்கு அவர் ஆதரவாக நிற்கிறார். வளர்ந்து, தன் தந்தைக்கு நேர்ந்ததை அறியும் அந்த மகனே முடிவில் அவரைச் சுடுகிறான். நியாயமான சினத்தால் செய்யப்பட்ட ஒரு செயல், அந்தச் சினத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவனைத் தந்தையற்றவனாக்கியதையும், பின்னால் செய்த உதவி எதுவும் அதை ஈடுசெய்யவில்லை என்பதையும் வசனம் இல்லாமலேயே இந்த இழை சொல்லிவிடுகிறது. 'நாயகன்' கொண்டாடப்பட வேண்டிய படம்தான். கொண்டாட்டம் பேரனின் கேள்வியிலிருந்து கேல்கரின் மகனிடம் இடம்பெயர வேண்டும்.

2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' வேறு வகையான புகழைப் பெற்றது. சுந்தர்.சி இயக்கி, கமல்ஹாசன் திரைக்கதை எழுதி, மதன் வசனம் அமைத்த அந்தப் படம் திரையரங்குகளில் தோல்வி கண்டது. பின்னர் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகி, சிறிய ஆனால் தீவிரமான ஒரு கூட்டத்தின் பற்றைப் பெற்று, 'கல்ட்' படம் என்று அழைக்கப்படும் நிலையை அடைந்தது. இத்தகைய படங்களைப் புகழும்போது, முதலில் கைவிட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வும் கலந்துவிடுகிறது. தோல்வி ஓர் அநீதியாகத் தோன்றுவதால், அதைச் சரிசெய்யும் வேகத்தில் படத்தின் குறைகளும் மன்னிக்கப்பட்டுவிடுகின்றன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்கு முன்பே இப்படத்தில் சுனாமி பற்றிய பேச்சு வருவதை ஒரு சிறப்பாக எடுத்துரைப்பவர்கள் பலர். அது தற்செயல். தற்செயலுக்காக ஒரு படத்தை மெச்சுவது அதன் கலையைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதற்குச் சமம்.

படத்தின் உண்மையான பலம் பயணப் பகுதியில் இருக்கிறது. மழையில் முடங்கிய புவனேசுவரத்தில் விமானம் கிடைக்காமல் தவிக்கும் விளம்பரப் பட இயக்குநரும் (மாதவன்), தழும்பேறிய முகமும் தடித்த கண்ணாடியும் கொண்ட தொழிற்சங்கக்காரரும் (கமல்ஹாசன்) ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு ஊர் திரும்பும் அந்தப் பகுதி, 1987இல் வந்த அமெரிக்கப் படமான 'பிளேன்ஸ், ட்ரெயின்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்' படத்தை நினைவூட்டினாலும், தன் சொந்தக் காலில் நிற்கிறது. ரயில் விபத்தில் அடிபட்ட சிறுவனுக்கு, தன்னுடைய அரிய வகை ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, அவன் பிழைத்துவிடுவான் என்று நம்பியிருக்கும் மாதவனின் முகம், அவன் இறந்த செய்தி வந்தவுடன் உடையும் இடத்தில் படம் தன் கருத்தை முழுமையாகச் சொல்லி முடித்துவிட்டது. முன்பின் அறியாத ஒருவனுக்காக அழும் மனத்தில்தான் கடவுள் இருக்கிறார் என்பதை அந்த அழுகையே காட்டிவிட்ட பிறகு, கமல்ஹாசனின் பாத்திரம் அதை வாய்விட்டு விளக்குகிறது. காட்சி பெற்ற வெற்றியை விளக்கம் பாதியாகக் குறைக்கிறது. இந்தப் பழக்கம் படம் நெடுகத் தொடர்கிறது. பின்னோக்கு உத்தி, அதாவது கதையின் நிகழ்காலத்தை நிறுத்திவிட்டுக் கடந்த காலத்துக்குச் செல்லும் முறை, இங்கே ஏறத்தாழ ஒரு தனிப்படம்போல் நீண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிய முதலாளியை முழுக்க முழுக்கக் கெட்டவராக நிறுத்துகிறது. எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல வாதம்கூடக் கொடுக்காத படத்தைச் சிந்தனைப் படம் என்று அழைப்பது மிகை. நல்ல நகைச்சுவையும் மனிதநேயமும் கொண்ட, அளவுக்கு மீறிப் பேசுகிற படம் என்பதே அதற்குரிய இடம்.

இந்த வரிசையில் மிகக் கடுமையான தீர்ப்பு 1992இல் வந்த 'ரோஜா'வுக்கே உரியது. ஏ.ஆர்.ரஹ்மானின் முதல் படமாகிய இதன் இசைக்கும், வைரமுத்துவின் பாடல் வரிகளுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. தேசிய ஒருமைப்பாட்டுக்கான சிறந்த படம் என்ற நர்கிஸ் தத் விருதும் கிடைத்தது. முதல் இரண்டும் தகும். மூன்றாவதுதான் இன்றளவும் அந்தப் படத்தைச் சூழ்ந்திருக்கும் மிகைப்புகழின் மையம். பிணைக்கைதியாக இருக்கும் ரோஜாவின் கணவர் ரிஷிகுமார் எரியும் தேசியக் கொடியின் மீது தன் உடலைச் சாய்த்துத் தீயை அணைக்கும் காட்சியில் கண் கலங்காதவர் அரிது. ஆனால் இளம் வாசகர் அந்தக் காட்சியை ஒருமுறை ஒலியை அடைத்துவிட்டுப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரிவது, ஏன் போராடுகிறார்கள் என்று படம் எங்கும் சரிவரச் சொல்லாத சில மனிதர்களுக்கும், ஏன் பற்று வைத்திருக்கிறார் என்று சொல்லவே தேவையில்லாத ஒரு மனிதருக்கும் இடையிலான மோதல் மட்டுமே. பங்கஜ் கபூர் நடித்த தீவிரவாதி லியாகத்துக்குப் பிற்பாடு மனம் மாறும் வாய்ப்பு கிடைக்கிறது. அவருக்கென்று ஒரு வாதம் கிடைப்பதில்லை. காஷ்மீரின் சிக்கல் அங்கே பின்னணித் திரையாக மட்டுமே தொங்குகிறது. பார்ப்பவரின் கண்ணீரை வரவழைத்தது இசை. அந்தக் கண்ணீரின் பெருமை அரசியலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்படத்தின் சிறந்த பகுதி, மொழி தெரியாத ஊரில் ஒவ்வொரு அலுவலக வாசலிலும் நின்று கணவனைக் கேட்டு மன்றாடும் கிராமத்துப் பெண்ணுடைய தனிமை. அவளுடைய பெயரையே தாங்கிய படத்தைக் கொண்டாடுபவர்கள் அவளைப் பற்றிப் பேசுவது குறைவு.

வசூலால் வரும் புகழுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. 2015இலும் 2017இலும் வந்த ராஜமௌலியின் 'பாகுபலி' படங்களில் போர்க்களக் காட்சிகளின் ஒழுங்கு வியக்கத்தக்கது. பெரிய கூட்டத்தில் யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் நகர்கிறார் என்பது ஒரு கணமும் குழம்புவதில்லை. ஆயினும் முதல் படத்தில் போராளியாக அறிமுகமாகும் அவந்திகாவை, நாயகன் வலிந்து ஒப்பனை செய்து பெண்மையை நினைவூட்டுவதாகக் காட்டும் பகுதி, எத்தனை கோடி ரூபாய் வசூலித்தாலும் மோசமான எழுத்தே. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மட்டும்தான் வசூல் சொல்லும்.

வெளிப்படையாகப் பேசுவது பற்றி ஒரு குறிப்பு. ஒரு படத்தை மட்டம் தட்டுபவர் அதை நேசிப்பவர்களையும் சேர்த்து மட்டம் தட்டத் தேவையில்லை. சிறு வயதில் குடும்பத்தோடு பார்த்த படத்தின் மீது ஒருவர் வைத்திருக்கும் பற்று, அந்த மாலைப்பொழுதின் மீதும் அந்த வீட்டின் மீதும் வைத்த பற்றுமாகும். விமர்சனத்துக்கு அங்கே வேலையில்லை. விமர்சனத்தின் எல்லை ஷாட், அதாவது கேமரா ஓடத் தொடங்கி நிற்கும் வரை பதிவாகும் துண்டு. அதன் ஒளி, அதில் நடிகர் நிற்கும் இடம், அடுத்த துண்டோடு அது இணையும் விதம். இவற்றில் ஒன்றையாவது சுட்டிக்காட்ட முடியாதபோது, மிகைப்புகழ் என்ற குற்றச்சாட்டை இன்னொரு முறை படம் பார்க்கும் வரை ஒத்திவைப்பது நல்லது.

தவறான இடத்தில் அமரும் புகழ் ஒரு படத்தைச் சிறுமைப்படுத்தவும் கூடும். 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்', பாடல்களே இல்லாத தமிழ்ப் படம் என்ற ஒற்றைக் குறிப்போடு நினைவுகூரப்படுகிறது. இல்லாத ஒன்றுக்காக எழுபது ஆண்டுகளாகப் பாராட்டப்படும் அந்தப் படத்தில் இருப்பவை ஏராளம். 'பராசக்தி' வந்து இரண்டே ஆண்டுகளில், சிவாஜி கணேசன் அதில் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் வானொலிப் பொறியாளர் ராஜனாக நடித்தார். 1943இல் சென்னை மீது ஜப்பானியக் குண்டு விழுந்த இரவை அடுத்து ராஜன் சுட்டுக் கொல்லப்பட, விசாரிக்கப்படும் ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் அவர் வேறொரு மனிதராகத் தெரிகிறார். மலிவு விலையில் வானொலி செய்யும் தன் திட்டத்துக்குச் சொந்த நாட்டில் உதவி மறுக்கப்பட்ட கசப்பை அவர் சொல்லும்போது, அது வலுவான நியாயமாகவே ஒலிக்கிறது. பண்டரிபாய் நடித்த மனைவி உஷா அதை அதே வலுவோடு மறுக்கிறாள். படம் இருவரில் எவரையும் இடையில் நிறுத்துவதில்லை. சாருமதிக்கும் லியாகத்துக்கும் பிற்காலப் படங்கள் கொடுக்க மறுத்த நேரத்தை, வணிக வெற்றி பெறாத இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒரு துரோகிக்குக் கொடுத்திருக்கிறது. இளம் வாசகர் அடுத்து ஒரு பழைய படம் பார்க்க எண்ணினால், இதையே பார்க்கலாம்.